இருபத்துநான்காம் பொருள்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா?

ஃபோனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பார்த்தேன். நான் ‘அப்பா’ என்று வாயெடுத்ததும் உன் வீட்டு அழைப்புமணியை யாரோ அடித்துவிடுகிறார்கள். அப்படி என்ன விருந்தாளி, அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்து வருகிற விருந்தாளி? அதனால்தான் இந்தக் கடிதம். இதை நீ பாதியில் மூடி வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறதாம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஓரத்துல கொஞ்சம் தெரியும்மா. ஆனா நேரா எதைப் பார்க்கிறாரோ அது தெரியாது. முகம் தெரியாது, எழுத்து தெரியாது. இந்த வருஷம் முடியறதுக்குள்ள அவ்வளவுதான்” என்றார்கள். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். எழுத்தைத் தவிர வேறு எதையும் அவர் நேராகப் பார்த்ததே இல்லை என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

வெளிச்சம் வேண்டுமென்று அவர் அறை ஜன்னலில் இருந்த திரையைக் கழற்றிவிட்டேன். ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைக்கிறவள் வீட்டு ஜன்னல் மொட்டையாக நிற்கிறது. கடையில் கேலி செய்கிறார்கள்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் தபால் வரும் நேரத்துக்கு நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்கிறார். பதினான்கு வருடமாக நீ அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. தன் கண்ணாலேயே அவரால் படிக்க முடிகிற காலத்தில் ஒரு கடிதம் எழுது அண்ணா. நீளமாக வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை


மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் வந்தது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையின் பல் தொல்லை தீர்ந்ததா? குழந்தை இப்போது எந்த வகுப்பு? வாலறுந்த பூனை இன்னும் இருக்கிறதா?

என் முதுகு அப்படியேதான் இருக்கிறது. நாற்காலி வரவில்லை. வந்த ஒரே புது நாற்காலி கண்ணாடிப்பெட்டிக்குப் போய்விட்டது. கண்ணாடிப்பெட்டி யார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டு, எனக்கே தலைமைப் பதிப்பாசிரியராகி, கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் மகானுபாவர். எங்கள் ஆங்கில-தமிழ் அகராதியின் போன பதிப்பு முன்னுரையில் ஒன்பது பேருக்கு நன்றி சொல்லிவிட்டு ‘மற்றும் பலர்’ என்று முடித்தார். அந்தப் பலரில் நான் ஒருவன். இப்போது மறுபதிப்பு. ‘கே’ எழுத்து என் தலையில் விழுந்திருக்கிறது. “சார், கீப் நீங்கதான் பண்ணணும். உங்க பொறுமை யாருக்கு வரும்?” என்றார். மற்றவர்கள் தொட மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கீப் (keep) என்பது வேலைக்காரச் சொல். எங்கே கூப்பிட்டாலும் ஓடி வந்து நிற்கும். மாடு வளர்ப்பதற்கும் அதுதான், வாக்கைக் காப்பாற்றுவதற்கும் அதுதான், வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் அதுதான். ஒருவரை வாசலில் காக்கவைப்பதற்கும், உள்ளே வரவிடாமல் தடுப்பதற்கும், செய்ததையே செய்துகொண்டிருப்பதற்கும் அதையேதான் கூப்பிடுவார்கள். தமிழில் இதற்கு ஒரு சொல் கிடையாது. இருபது சொற்களைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும்.

பூர்வீகம் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் ‘கேப்பன்’ என்ற மாதிரி ஏட்டில் வருகிறது. அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அக்கம்பக்கத்து மொழிகளில் உறுதியாகச் சொந்தம் என்று சொல்ல ஒரு சொல்லும் இல்லை. தாய் தகப்பன் தெரியாத சொல். பெரிய பெரிய அகராதிக்காரர்களெல்லாம் ‘தோற்றம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிவிட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருக்கிறது.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

பல் சரியாகிவிட்டது. குழந்தை ஏழாம் வகுப்பு, அவளைக் குழந்தை என்று சொன்னால் கடித்துவிடுவாள். பூனை இருக்கிறது, நேற்று கடைக்கு வந்து ஒரு முழு வெல்வெட் சுருள் மேல் படுத்துத் தூங்கியது. நீ கேட்ட எல்லாரைப் பற்றியும் பதில் சொல்லிவிட்டேன். வாலறுந்த பூனை வரைக்கும் விசாரித்திருக்கிறாய். இந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார்.

உன் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை எடுத்துப் படித்துவிட்டு, “என்னம்மா, உங்க அண்ணன் இந்த வயசுல பக்கம் பக்கமா கீப் பத்தி எழுதறார்? அண்ணிக்குத் தெரியுமா?” என்றார். அண்ணி உன்னை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது என்று நினைவு வந்ததும் பாவம், முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் நான் சிரித்து முடித்துவிட்டேன். உள்ளே அப்பா சிரித்த சத்தமும் கேட்டது.

நீ அவருக்குக் கடிதம் எழுத மாட்டாய் என்று புரிகிறது. சரி. நீ செய்கிற அந்த வேலையை எனக்காவது அனுப்பேன். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் என்னதான் செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கேட்டபடி மெய்ப்புப் படி ஒன்று இணைத்திருக்கிறேன். நான்கு பக்கம். கீப் என்ற வினைக்கு இருபத்துமூன்று பொருள், ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம். கண்ணாடிப்பெட்டி பார்த்து ‘சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் முழுதாகப் படித்திருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

படிக்கும்போது ஒன்றைக் கவனி. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் கையில் வைத்துக்கொள்வது என்றுதான் தோன்றும். ஆரம்பத்தில் அது கண்ணோடும் சேர்ந்த சொல். வருகிறதா என்று பார்த்திருப்பது, கவனித்திருப்பது. வைத்துக்கொள்வது என்ற பொருள் பிறகு பெருத்து, மற்றதை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

அந்த விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு கேட்காதே. அம்மா போனபோது நான் வெளியூரில் நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தேன். “அது முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்று உன் தகப்பனார் முடிவு செய்தார். நான் வந்து சேர்ந்தபோது அம்மாவின் கட்டிலைக்கூட மடித்து மாடியில் ஏற்றியிருந்தார்கள். அந்த வேலைதான் இது. தினமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே திரும்பி வந்ததும் மனதில் இருந்ததையெல்லாம் அவருக்கு மூன்று பக்கம் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் கடிதம் எனக்கே திரும்பி வந்தது, சிவப்புப் பென்சிலில் பதினேழு திருத்தங்களோடு. கூட ஒரு சொல் இல்லை. தாயை இழந்தவனின் கடிதத்தில் ஒற்றுப்பிழை பார்த்த மனிதருக்கு நான் இனி எதை எழுதுவது?

குழந்தைக்கு என் அன்பு. குழந்தை என்று சொன்னதாகச் சொல்லாதே.

அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட அரங்கத்துக்குப் பெரிய திரை ஒன்று தைத்தோம், என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அது ஒரு காரணம். இன்னொன்றைச் சொன்னால் திட்டுவாய்.

உன் பக்கங்களை நான் அப்பாவிடம் கொடுத்தேன். அந்தப் பொடி எழுத்து தெரியவில்லை. நகல் கடையில் நான்கு மடங்கு பெரிதாக்கிக் கொண்டுவந்தேன். நான்கு பக்கம் பதினாறு தாள் ஆனது. ஜன்னலோரம் மேஜை போட்டு, ஒவ்வொரு தாளாக, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து, ஓரக்கண்ணால் பிடித்துப் பிடித்து வாசித்தார். பதினாறு நாள். அச்சகம் மூடியதிலிருந்து தொடாத சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்துச் சீவச் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டால், “இரும்மா, அவன் பதினொண்ணாம் பொருள்ல இருக்கான்” என்கிறார்.

திருத்தம் ஒன்றே ஒன்றுதான் போட்டிருக்கிறார். கடைசித் தாளை மட்டும் அனுப்புகிறேன். இருபத்துமூன்றாம் பொருளுக்குக் கீழே, விட்டுப்போனதற்குப் போடுவார்களே அந்தக் கூரைக்குறி, அதுவும் ஓரத்தில் இரண்டு வரியும். எழுத்து கோணலாக இருக்கிறது, நானே சேர்த்து எழுதிவிடுகிறேன்: “இந்த வினைக்கு நலம் விசாரிக்கும் பொருள் ஒன்று உண்டு. ஹவ் ஆர் யூ கீப்பிங் என்று கேட்பார்கள். விடுபட்டிருக்கிறது. ஆசிரியர் கவனிக்கவும்.”

கோபித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மே 20

தங்கைக்கு,

நலம். தோளுக்கு ஒத்தடம் கொடு.

உன்னை நம்பி அனுப்பியதை நீ அங்கே கொடுத்திருக்கக் கூடாது. உனக்கு என்று சொல்லித்தான் அனுப்பினேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகும் அதே சிவப்புப் பென்சில், அதே கூரைக்குறி. வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, செருப்பில் மண் இருக்கிறது என்று சொல்லும் பழக்கம்.

விடுபட்டது விடுபட்டதுதான், மறுக்கவில்லை. எனக்குத் தெரியாத பொருளும் அல்ல. எப்படித் தவறியது என்று தெரியவில்லை. கண்ணாடிப்பெட்டியிடம் சொன்னேன். “அடடா, நான்கூட கவனிச்சேன் சார், சொல்ல மறந்துட்டேன்” என்றார். அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. இருபத்துநான்காம் பொருளாகச் சேர்த்தாகிவிட்டது.

இனி எதையும் அனுப்புவதாக இல்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


ஜூன் 1

அண்ணா,

நான் நலமாக இல்லை. தோள் வலிக்கிறது, கடையில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அப்பா நேற்று கதவு நிலையில் மோதி நெற்றியில் காயம். இப்போது நீ எப்படி இருக்கிறாய்?

உனக்கு வருத்தப்பட நேரம் இருக்கிறது. எனக்கு இல்லை. அதனால் பட்டென்று சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடிதம் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். நீ இல்லை. அப்பா அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். ஒரு வாரம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். எட்டாம் நாள் பென்சிலை எடுத்தார். எனக்கும் ஆத்திரம்தான் வந்தது. “என்னப்பா பண்றீங்க, பையன் அழுதுட்டு எழுதியிருக்கான்” என்று கத்தினேன். அவர் சொன்னது இதுதான்: “அவன் சொன்னதுல ஒண்ணும் தப்பு இல்லம்மா. எழுத்துலதான் இருக்கு. எனக்கு அதைத்தான் பார்க்கத் தெரியும்.”

அச்சகத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். ஆனால் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றினால் பிழை திருத்துகிறவர் தானாக எழுதிச் சேர்க்கக் கூடாது. குறியை மட்டும் போட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நிரப்புவது அவர் பாடு. உனக்குத் திருப்பி அனுப்பியதும் அப்படித்தான். அந்தக் கடைசிப் பக்கத்தை நீ ஒழுங்காகப் பார்த்தாயா?

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அம்மா விஷயத்தில் உனக்குச் சொல்லியனுப்பாதது தப்பு. நானும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். என்னோடு மட்டும் எப்படிப் பேசுகிறாய்?

பெரிய எழுத்தும் இப்போது மங்குகிறதாம்.

தங்கை


ஜூலை 29

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது. உன் தோள் தேறியிருக்க வேண்டும். கடைக்கு ஆள் கிடைத்தார்களா? அன்று நீ வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு எப்போதோ தெரியும். உன்மேலும் கோபம் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் எல்லார்மீதும் கோபமாக இருந்தால் யாரோடுதான் பேசுவது என்று உன்னை விட்டுவைத்தேன்.

அந்தப் பழைய கடிதத்தை எடுத்தேன். எங்கே என்று தேடவில்லை, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பதினேழு திருத்தங்களையும் திரும்பப் பார்த்தேன். பதினேழும் சரி. அது இன்னும் எரிச்சல்தான்.

கடைசிப் பக்கத்தில், என் கையெழுத்துக்கு மேலே, ஒரு கூரைக்குறி இருக்கிறது. ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. முகவரியை விட்டுவிட்டேன் என்று சொல்கிறார் போலும் என்று அன்று நினைத்தேன். இந்த முறை மூன்று பக்கத்தையும் முதலிலிருந்து, வேறு யாரோ எழுதியது மாதிரி வாசித்தேன். அம்மா எனக்கு என்னவாக இருந்தாள் என்று இருக்கிறது. எனக்கு நடந்த அநியாயம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவளைப் பறிகொடுத்த மனிதரிடம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை.

மனம் மாறிவிட்டேன் என்று கணக்குப் போடாதே. அவர் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கூரைக்குறி போட்டால் எவனுக்குப் புரியும்?

இதோடு ஒரு தாள் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். படம் வரைகிற தடித்த பேனாவில் எழுதியது. அவரிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே வாசிக்கட்டும்.

அண்ணன்


(தனித்தாள்)

அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்?

இதைப் பதினான்கு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். விடுபட்டுவிட்டது.

மகன்


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள், நன்றாகத் தைக்கிறாள், ஓயாமல் பேசுகிறாள்.

நீ சொன்னபடி வாசித்துக் காட்டவில்லை. உன் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் எழுத்து எடுப்பாகத் தெரிகிறதாம். முகத்தை அதன்மேல் வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, முன்பகல் முழுக்க நின்றார். பேத்தி, “தாத்தா, அதுல நாலு வரிதானே இருக்கு?” என்றாள். “நாலு வரிதான். நல்லாப் பார்க்க வேண்டாமா?” என்றார்.

அப்புறம் தாளும் பேனாவும் கேட்டார். மூன்று நாள் எழுதினார். யாரும் உள்ளே வரக் கூடாது. “நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதறேன்” என்றேன். “அது அவன் என்னைக் கேட்டது” என்று சொல்லிவிட்டார். தானே மடித்து, தடவித் தடவித் தானே ஒட்டினார். நான் பார்க்கவில்லை. அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன். நிறைய எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. கனமாக இருக்கிறது.

இப்போது என் முகம் தெரிவதில்லை அவருக்கு. குரலை வைத்துத்தான். நீ எப்படி இருக்கிறாய்?

தங்கை


ஆகஸ்ட் 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அப்பா எப்படி இருக்கிறார்? நெற்றிக் காயம் ஆறியதா?

கடிதம் கிடைத்தது. ஆறு தாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நீ அவரிடம் சொல்லக் கூடாது.

முதல் தாளில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய வரிகளில், இவ்வளவுதான் தெரிகிறது: “மகனுக்கு. உன் கடிதம் கண்டேன். திருத்தம் எதுவும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் அம்மா போன பிறகு நான்”. அதோடு எழுத்து வெளுத்து, நின்றுவிடுகிறது. பேனாவில் மை தீர்ந்திருக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை. மீதி ஐந்து தாளையும் மையில்லாத பேனாவால் எழுதியிருக்கிறார். தாளை விரலால் தடவினால் வரிவரியாகப் பள்ளம் படுகிறது. சில இடங்களில் அழுத்தி எழுதித் தாள் கிழிந்திருக்கிறது. ஒரு பிழைக்காக ஊரையே எழுப்புகிற மனிதர், ஐந்து வெற்றுத்தாளை எழுதி மடித்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். கண்ணாடிப்பெட்டி பார்த்துவிட்டு, “சார், மேல லேசா பென்சில் தேய்ச்சா எழுத்து வெள்ளையா எழும்பி வரும். நான் பண்ணித் தரேன்” என்றார். அவர் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான். பென்சிலைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

விட்டுப்போனதை நாமாக நிரப்பக் கூடாது. எழுதியவரிடம்தான் போக வேண்டும். அது அவருடைய சட்டம், என்னுடையது அல்ல. எனக்கு இன்னும் நிறையக் கோபம் மிச்சம் இருக்கிறது, அதையும் கொண்டுதான் வருகிறேன்.

வியாழக்கிழமை காலை வண்டி. ஆறு தாளும் பையில் இருக்கும். வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போடு. என் முகம் தெரியாது அல்லவா, நானே குரல் கொடுக்கிறேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

ஜன்னலுக்குத் திரை போட்டுவிடாதே.

அண்ணன்